கற்பித்தவர் ஒருவர், மதிப்பிட்டவர் வேறொருவர்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழியே உருவானபோது அதற்கு வகுப்பறைகள் இல்லை, பேராசிரியர்கள் இல்லை, மாணவர்களும் இல்லை. மாகாணத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்குவது ஒன்றே அதன் வேலை. கற்பிப்பது கல்லூரியின் பொறுப்பாகவும், கற்றது எவ்வளவு என்று சொல்வது பல்கலைக்கழகத்தின் அதிகாரமாகவும் பிரிந்தன. தென்னிந்திய உயர்கல்வியில் மதிப்பீடு கடந்து வந்த பாதை பெரும்பாலும் இந்தப் பிரிவினையின் வரலாறுதான். இதை மாற்ற ஒவ்வொரு தலைமுறையும் முயன்றது; இன்றுவரை அது முழுதாக மாறவில்லை.

இந்த அமைப்புக்கு முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். 1836இல் சாசனம் பெற்ற அது, பல கல்லூரிகளின் மாணவர்களுக்குப் பொதுவான தேர்வு நடத்தும் நிறுவனமாகவே தொடங்கியது. 1854 ஜூலை 19 நாளிட்ட சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, இந்தியாவிலும் அதே வடிவத்தைப் பரிந்துரைத்தது. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. ஆசிரியர்களை அமர்த்திக் கட்டடங்கள் எழுப்புவதைவிடத் தேர்வுக்குழு ஒன்றை அமர்த்துவது மலிவு. அரசுக் கல்லூரிகளும் மிஷன் கல்லூரிகளும் வேறு வேறு நோக்கத்தோடு இயங்கின. ஒரு தரப்பின் சான்றை மறுதரப்பு ஏற்காது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தேர்வு, சமயக் கொள்கைகளை வினாத்தாளிலிருந்து விலக்கிவைத்துவிட்டு எல்லாரையும் ஒரே கோலால் அளக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அன்றைய சூழலில் அது நேர்மையான எதிர்பார்ப்புதான்.

கற்ற இடம் வேறு, சான்றளிக்கும் இடம் வேறு என்ற நிலைக்குச் சென்னையின் முதல் பட்டதாரிகளே சான்று. பி.ஏ. தேர்வில் முதன்முதலில் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, வி. விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தவர். இருவருமே வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையவர்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் நிறுவிய அந்தக் கல்விக்கூடம், சென்னையில் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பே, 1855இல், மூடப்பட்டுவிட்டது. அங்கே கணிதமும் தத்துவமும் தமிழும் எப்படிக் கற்பிக்கப்பட்டன என்று சென்னைத் தேர்வாளர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. விடைத்தாள் ஒன்றே போதுமானதாக இருந்தது. பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளையின் பதிப்புத் திறனுக்கு அடித்தளமிட்டது, மூடப்பட்ட அந்தச் செமினரி.

எழுத்துத் தேர்வே அப்போது நெடுங்காலப் பழக்கம் அல்ல. கேம்பிரிட்ஜில் 18ஆம் நூற்றாண்டில் பட்டம் நாடியவர் லத்தீனில் வாதிட்டுத் தன் கருத்தை நிலைநாட்ட வேண்டியிருந்தது. கணிதம் அங்கே முதன்மை பெற்றதும் வாய்மொழி வாதம் போதாமல் போயிற்று. கணக்கைத் தாளில்தான் போட்டுக்காட்ட முடியும். தாளில் போட்டால் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவும் முடியும். இவ்வாறு வளர்ந்த கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு 'ராங்லர்' என்ற பெயர் வழங்கியது. அத்தகைய ராங்லரான இ. பி. பவல், 1841இல் தொடங்கிய சென்னை உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். அந்தப் பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. கேம்பிரிட்ஜின் தரவரிசைப் பழக்கமும் லண்டனின் பொதுத் தேர்வும் சென்னையில் ஒன்றுசேர்ந்தன.

கல்கத்தாவின் தொடக்க அனுபவம் இந்த முறையின் கடுமையைக் காட்டுகிறது. 1858இல் அங்கே நடந்த முதல் பி.ஏ. தேர்வில் எழுதியவர் எவரும் எல்லாப் பாடங்களிலும் தேறவில்லை. ஒரு பாடத்தில் மட்டும் சற்றுக் குறைந்திருந்த இருவருக்கு 7 கருணை மதிப்பெண் கொடுத்து இரண்டாம் பிரிவில் தேர்ச்சி தந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாய். கருணை மதிப்பெண் என்ற ஏற்பாடு கல்கத்தாவில் பட்டத் தேர்வு பிறந்த ஆண்டிலேயே பிறந்துவிட்டது.

வினாத்தாள் அமைப்பவர் ஒருவர், விடைத்தாள் திருத்துபவர் இன்னொருவர், அவர்களை மேற்பார்வையிடும் முதன்மைத் தேர்வாளர் வேறொருவர் என்று வேலை பிரிந்தது. மாணவரின் பெயர் தாளில் இருக்காது. எண் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தபட்ச மதிப்பெண் பெற வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் பொது. பாரபட்சம் நுழையாமல் காக்க இது நல்ல வேலி. ஆனால், மாணவர் எதில் தேர்ந்தவர், எதில் தடுமாறுகிறார் என்ற செய்தி வகுப்பறைக்குத் திரும்பிவர அந்த வேலியில் வாசல் இல்லை. கல்லூரிக்கு வந்து சேர்ந்தது தேர்ச்சிப் பட்டியல் மட்டுமே.

சீனிவாச ராமானுஜனின் கதை இங்கே தவிர்க்க முடியாதது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர், மற்றப் பாடங்களில் பின்தங்கியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வு எழுதித் தோற்றார்; மறு ஆண்டு தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. கணிதத்தில் அவர் தகுதி குறித்து அவருக்குக் கற்பித்தவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. அவர்களுடைய கருத்துக்கு விதியில் இடமில்லை. 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையை அதே பல்கலைக்கழகம் அவருக்கு அளித்தது. அதற்கு வேண்டிய பட்டம் அவரிடம் இல்லாதபோதும், கணிதப் பாடத்திட்டக் குழுவின் பரிந்துரையை ஏற்றே அந்த முடிவு எடுக்கப்பட்டது. துறை அறிந்தவர்களின் தீர்ப்பு தேர்வு விதியை மீறிச் செல்ல முடிந்த அரிய தருணம் அது. அத்தகைய தருணம் வாய்க்காமல் 'பி.ஏ. ஃபெயில்' என்பதையே தகுதியாகச் சொல்லி வேலை தேடியவர்கள் எத்தனையோ பேர்.

இந்தக் குறையை ஆட்சியாளர்களே விரைவில் ஒப்புக்கொண்டார்கள். கர்சன் பிரபு அமைத்த 1902ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக ஆணையம், கற்பித்தலுக்குத் தேர்வு அடங்கி நடக்காமல் தேர்வுக்குக் கற்பித்தல் அடங்கி நடப்பதையே இந்தியப் பல்கலைக்கழகக் கல்வியின் மிகப்பெரிய கேடாகக் குறித்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்கள் தாமே ஆசிரியர்களை நியமித்துக் கற்பிக்க வழிவகுத்தது. மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917 முதல் 1919 வரை இயங்கிய கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம் இன்னும் ஒரு படி மேலே சென்று, கற்பித்தலும் தேர்வும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பல்கலைக்கழகங்களை விரும்பியது. சென்னையில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத் துறைகள் வளர இடம் தந்தது. 1929இல் சிதம்பரத்தில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே தன் துறைகளில் தானே கற்பித்துத் தானே தேர்வு நடத்தியது.

ஆனாலும் இவை விதிவிலக்குகளாகவே நின்றன. மாகாணமெங்கும் பரவியிருந்த கல்லூரிகள், கல்லூரி கற்பிக்கப் பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும் இணைப்பு முறையிலேயே நீடித்தன. இலங்கையில் நிலைமை இன்னும் தொலைவானது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை லண்டனின் வெளிவாரிப் பட்டத் தேர்வையே எழுதினார்கள். ஆசிரியருக்கும் தேர்வாளருக்கும் இடையே கடலே கிடந்தது.

தேர்வை நம்பலாமா என்ற கேள்வி இதே காலத்தில் வேறொரு திசையிலிருந்து எழுந்தது. பொருளியலறிஞர் எஃப். ஒய். எட்ஜ்வொர்த் 1888இலும் 1890இலும் எழுதிய கட்டுரைகளில், தேர்வு முடிவில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்பதைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்தார். சாட்லர் ஆணையத்தின் உறுப்பினரும் டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தருமான பிலிப் ஹார்டாக், இங்கிலாந்து திரும்பிய பின் அந்தக் கேள்வியை நேரடிச் சோதனைக்கு உட்படுத்தினார். ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 15 தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மறுபடியும் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன: முன்பு தோல்வி என்றவர் இப்போது தேர்ச்சி என்றார், தேர்ச்சி என்றவர் தோல்வி என்றார், அல்லது சிறப்புத் தகுதியைக் கூட்டினார், குறைத்தார். 1935இல் வெளியான இந்த முடிவு, யாருடையது என்று தெரியாத தாளை அறிமுகமில்லாதவர் திருத்தினால் நீதி உறுதி என்ற நம்பிக்கையை அடியோடு அசைத்தது. பெயரை மறைப்பது பாரபட்சத்தைத் தடுக்கும். அளவுகோலின் நடுக்கத்தை அது தடுக்காது.

சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழக ஆணையம் ச. ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49இல் அமைந்தது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்று அது எழுதியது. தாமே மாநிலக் கல்லூரியில் கற்பித்து, இணைப்பு முறையை உள்ளிருந்து பார்த்த தலைவரின் ஆணையத்திலிருந்து வந்ததால் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் எடை உண்டு.

மதிப்பீட்டைத் துறைகளோடு இணைக்கும் அறிவுக் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் உருவாயின. ரால்ஃப் டைலர் 1929இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒவ்வொரு துறை ஆசிரியரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: இந்தப் பாடத்தை முடித்த மாணவர் என்ன செய்யக்கூடியவராக இருக்க வேண்டும்? பதில் கிடைத்த பிறகே அவர் தேர்வை அமைத்தார். விலங்கியல் மாணவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோது உறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் மறந்திருந்தன. ஆனால், புதிய சோதனை ஒன்றின் முடிவை விளக்கும் திறன் குறையவில்லை. அப்படியானால் பெயர்களை மட்டும் கேட்கும் தேர்வு, சீக்கிரம் உதிரப்போவதை அளந்து, நிலைத்து நிற்பதை விட்டுவிடுகிறது. கற்றல் விளைவு என்று இன்று பேசப்படும் கருத்தின் உயிர்நாடி இந்த ஒரு கண்டுபிடிப்பில் இருக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகம் 1931இல் தேர்வுக்கெனத் தனி வாரியம் அமைத்து எல். எல். தர்ஸ்டனைத் தலைமைத் தேர்வாளராக்கியது. அங்கேயும் கற்பித்தலும் தேர்வும் பிரிந்தன. ஆனால், சென்னையில் நடந்த பிரிவினையிலிருந்து அது அடிப்படையில் வேறுபட்டது. தேர்வாளர்கள் துறை ஆசிரியர்களோடு ஒரே வளாகத்தில் அமர்ந்து வினாக்களை உருவாக்கினார்கள். 1938இல் டைலரும் 1943இல் அவருடைய மாணவர் பெஞ்சமின் புளூமும் அந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். பல பல்கலைக்கழகங்களின் தேர்வாளர்கள் 1948இல் பாஸ்டனில் கூடிப் பேசியதிலிருந்து, வினாக்களை வகைப்படுத்தும் பொதுச்சட்டகம் பிறந்தது. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என்ற ஆறு படிகளோடு அது 1956இல் புத்தகமாக வந்தது. துறைகள் தம்முள் வினாக்களைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஒரு பட்டியலாகவே அதை முதலில் எண்ணினார்கள்.

புத்தகம் வந்த மறு ஆண்டே புளூம் இந்தியா வந்து, 1957–58இல் பல நகரங்களில் பயிலரங்குகள் நடத்தினார். தேர்வுச் சீர்திருத்தத்துக்கான மத்திய அலகு ஒன்று 1958இல் அமைந்தது. பள்ளிக் கல்வியே அதன் முதன்மைக் களம். ஆயினும் நோக்கம், கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும் என்ற சிந்தனை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் வழியே பல்கலைக்கழகங்களுக்கும் கசிந்தது. இன்று தமிழ்நாட்டுத் தன்னாட்சிக் கல்லூரிகளின் வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் காணப்படும் கே1, கே2 என்ற குறிகள் அந்த ஆறு படிகளின் வழிவந்தவை.

டி. எஸ். கோத்தாரி தலைமையிலான 1964–66 கல்வி ஆணையம், சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரச் சொன்னது. தமிழ்நாடு இதில் முன்னே நின்றது. மால்கம் ஆதிசேசய்யா சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த 1975–78 காலத்தில் அடித்தளம் இடப்பட்டு, 1978இல் இலயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி உள்ளிட்டவை தன்னாட்சி பெற்றன. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே தொடர்ந்தது. பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம் ஆகியவை துறையின் கைக்கு வந்தன. 120 ஆண்டுகளுக்குப் பிறகு இணைப்புக் கல்லூரிகளிலும் கற்பித்தவரே மதிப்பிடும் நிலை, ஒரு சிறு வட்டத்துக்குள்ளாவது, உருவானது.

இந்த மாற்றத்தின் பெருமதிப்பு அன்றாடத்தில் தெரிந்தது. பருவத் தேர்வு முறை வந்தது. ஆண்டு முழுவதையும் மூன்று மணி நேரத்தில் கொட்டும் பழக்கம் தளர்ந்தது. அகமதிப்பீட்டுத் தேர்வின் தாள் திருத்தப்பட்டு மாணவர் கையில் திரும்பியது. எங்கே தவறினோம் என்பதை அவர் தன் கண்ணால் பார்த்தார். எந்தப் பகுதி வகுப்பில் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதை ஆசிரியரும் பார்த்தார். வேலியில் இல்லாதிருந்த வாசல் இதுதான். இதற்கு எதிர்விசையும் எழுந்தது. 'இன்டர்னல்' மதிப்பெண் ஆசிரியர் கையில் இருப்பதால் அது சலுகையாகவோ மிரட்டலாகவோ மாறலாம் என்ற அச்சம் மாணவரிடையே நீடித்தது. அந்த அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அகமதிப்பீட்டின் பங்கு ஒரு வரம்புக்குள்ளேயே நின்றது. மீதிக்குப் போலி எண் இட்ட விடைத்தாள், மைய மதிப்பீட்டு முகாம், முதுகலைத் தாள்களுக்கு இருவர் திருத்தம், இருவருக்கும் இடைவெளி மிகுந்தால் மூன்றாமவர் என்ற காவல்கள் தொடர்ந்தன. மறுகூட்டலும் மறுமதிப்பீடும் மாணவரின் உரிமைகளாயின. தேறாத தாள் 'அரியர்' என்ற பெயரில் அடுத்த பருவத்துக்கு உடன் வந்தது.

இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒரு நல்ல மரபு அறிவியல் துறைகளின் செய்முறைத் தேர்வு. வேதியியல் ஆய்வகத்தில் மாணவர் பியூரெட்டைப் பிடிக்கும்போது கல்லூரி ஆசிரியரான அகத்தேர்வாளரும் வெளியிலிருந்து வந்த புறத்தேர்வாளரும் சேர்ந்து நிற்கிறார்கள். ஒருவருக்கு மாணவரைத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. பதிவேடு பார்க்கப்படுகிறது, வாய்மொழிக் கேள்வி கேட்கப்படுகிறது, மதிப்பெண்ணை இருவரும் கலந்து முடிவு செய்கிறார்கள். 1857ஆம் ஆண்டு அமைப்பு பிரித்த இரண்டு பார்வைகளும் ஒரே மேசையில் கூடுவது இங்கேதான். இந்த ஏற்பாடு தமிழ், வரலாறு, பொருளியல் துறைகளின் எழுத்துத் தாள்களுக்கு விரிவாகாதது பெரிய இழப்பு.

1990களில் மதிப்பீட்டின் பொருளே மாறத் தொடங்கியது. அதுவரை அளக்கப்பட்டவர் மாணவர். இனித் துறையும் நிறுவனமும் அளக்கப்பட்டன. அமெரிக்காவில் 1980களில் எழுந்த மதிப்பீட்டு இயக்கம், பட்டம் தரும் ஒவ்வொரு துறையும் தன் மாணவர் கற்றதைக் காட்ட வேண்டும் என்று கேட்டது. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாடு 1989இல் ஆறு நாடுகளோடு தொடங்கியது. இந்தியாவில் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவும் தேசிய அங்கீகார வாரியமும் 1994இல் அமைந்தன. வாரியத்தின் வழியாக இந்தியா 2014 ஜூனில் அந்த உடன்பாட்டில் முழு உறுப்பினரானது. சேர்வதற்கான நிபந்தனை கற்றல் விளைவு சார்ந்த அங்கீகாரம். ஆகவே தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் ஒரு புதிய கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் கலை, அறிவியல் கல்லூரிகளும் அதே வழியில் வந்தன.

அந்தக் கணக்கு இப்படி நடக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து அல்லது ஆறு பாட விளைவுகள் எழுதப்படும். பட்டப்படிப்பு முழுமைக்கும் பொதுவான விளைவுகள் தனியே இருக்கும். பொறியியலில் அவை பல ஆண்டுகள் 12ஆக இருந்தன. எந்தப் பாட விளைவு எந்தப் பொது விளைவுக்கு எவ்வளவு துணைசெய்கிறது என்று 1, 2, 3 என்ற எண்களால் ஒரு கட்டத்தை நிரப்புவார்கள். ஒவ்வொரு வினாவும் ஒரு பாட விளைவோடு இணைக்கப்படும். குறித்த இலக்கு மதிப்பெண்ணை எத்தனை விழுக்காடு மாணவர் எட்டினார்கள் என்பதிலிருந்து அடைவு நிலை கணக்கிடப்படும். இறுதியாண்டு மாணவரிடம் பெறும் கருத்துப் படிவமும் ஒரு சிறு பங்காகச் சேரும். இலக்கை எட்டாத இடத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைத் துறை எழுதிவைக்க வேண்டும்.

இந்த முறை எல்லாத் துறைகளிலும் ஒரே அளவில் பொருந்தவில்லை. சுற்று ஒன்றை வடிவமைக்கும் திறனை வினாவாக்கி அளக்கலாம். மின்னியல் துறைக்குக் கட்டம் இயல்பாகவே நிரம்பும். சங்கப் பாடலில் சொல்லாமல் விட்டதைக் கேட்கும் செவி, 'விளக்குவர்', 'வகைப்படுத்துவர்' என்ற வினைச்சொற்களுக்குள் அடங்குவதில்லை. அதனால் தமிழ்த்துறையின் கோப்புகள் பல இடங்களில் பொறியியல் கோப்புகளைப் பார்த்து எழுதியவையாகவே அமைந்தன. அங்கேயும் ஓர் உண்மையான பயன் கிடைத்தது: பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில், எந்த நூலை வைப்பது என்ற பேச்சோடு, அந்த நூலைப் படித்தவர் எதைச் செய்யக் கற்க வேண்டும் என்ற டைலரின் பழைய கேள்வியும் நுழைந்தது.

பெரிய இடைவெளி இணைப்புக் கல்லூரிகளில் இருக்கிறது. அங்கே பருவ இறுதித் தேர்வின் வினாத்தாளைப் பல்கலைக்கழகமே அமைக்கிறது. திருத்தம் முகாமில் நடக்கிறது. துறைக்கு வருவது மொத்த மதிப்பெண் மட்டுமே. எந்த வினாவில் மாணவர் எவ்வளவு பெற்றார் என்ற விவரம் இல்லாமல் பாட விளைவு வாரியாக அடைவைக் கணக்கிட முடியாது. ஆகவே பெரும்பாலான துறைகள், இறுதித் தேர்வின் ஒரே எண்ணை அந்தப் பாடத்தின் எல்லா விளைவுகளுக்கும் எதிரே பதிவுசெய்கின்றன.